சிங்கப்பூர் வீட்டில் சுவர் நீரூற்று: எதை முதலில் செய்வது, எதற்கு யாரிடம் கேட்பது

கோமுகமோ சிங்கமுகமோ சுவரில் பதித்து, அதன் வாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் விழும்படி ஒரு நீரூற்று அமைக்க வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எங்கள் கூட்டுரிமை (கொண்டோமினியம்) வீட்டின் பால்கனியில் அதை அமைத்து முடிக்கப் பல மாதங்கள் ஆயின. சுவரில் மாட்டும் வேலை ஒரே பகலில் முடிந்தது. மற்ற நாள்கள் எல்லாம் கடிதம், அனுமதி, மாற்றுப் பம்பு, மறுபடியும் கடிதம் என்று கழிந்தன. பிறகு தரைவீட்டில் (நிலத்தோடு கூடிய வீட்டில்) இருக்கும் உறவினருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கும் நண்பருக்கும் இதே வேலையில் துணை நின்றேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

கடையில் அழகான முகப்பைப் பார்த்து முன்பணம் கட்டிவிட்டு, அதன் பிறகு சுவரைத் தேடுகிறவர்கள்தான் மிகவும் அலைகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் சுவர், அடுத்துத் தண்ணீர் நிற்கும் இடம், அடுத்து மின்சாரம், கடைசியில்தான் முகப்பு.

ரோமாபுரியின் பழைய ஊற்றுகளுக்குப் பம்பு கிடையாது. மேட்டிலிருந்து கால்வாய் வழியே இறங்கிய தண்ணீர் இரவும் பகலும் ஓடி, மிஞ்சியது சாக்கடையைக் கழுவிக்கொண்டு போனது. நம் வீட்டு ஊற்றிலோ அதே இருபது முப்பது லிட்டர் தண்ணீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. ஆகவே நீங்கள் வீட்டுக்குள் கொண்டுவருவது, சிங்கப்பூர்ச் சட்டத்தின் கண்ணிலும் கொசுவின் கண்ணிலும், ஒரு திறந்த தண்ணீர்த் தொட்டி. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ளவை ஏன் இந்த வரிசையில் வருகின்றன என்பது விளங்கும்.

1. சுவர் யாருடையது என்று உறுதி செய்யுங்கள்

வீவக வீடு என்றால், வாசலுக்கு வெளியே உள்ள பொதுத் தாழ்வாரச் சுவரை மறந்துவிடுங்கள். அது உங்கள் சுவர் அல்ல, நகர மன்றத்தின் பராமரிப்பில் உள்ள பொது இடம். தீ விபத்தின்போது மக்கள் வெளியேறுவதற்காகத் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. தாழ்வாரத்தில் பூந்தொட்டி வைப்பதற்குக் காட்டப்படும் தாராளம் தண்ணீர்த் தொட்டிக்கும் சன்னல் வழியாக இழுத்த மின்கம்பிக்கும் கிடைக்காது. கிடைக்கவும் கூடாது. வீட்டுக்குள், அல்லது உங்கள் பால்கனிக்குள் மட்டும் யோசியுங்கள். அங்கும் பாம் ஷெல்டர் எனப்படும் பாதுகாப்பு அறையின் சுவரைத் தொடாதீர்கள். அதில் துளையிடுவதற்குத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. நண்பர் வீட்டு வரவேற்பறையில் வாகான சுவர் அதுவாகத்தான் இருந்தது. கடைசியில் சுவரில் மாட்டாமல், சுவரை ஒட்டித் தரையில் நிற்கும் வகையை வாங்கினோம்.

கூட்டுரிமை வீடு என்றால், பால்கனி உங்களுடையதாக இருந்தாலும் கட்டடத்தின் வெளிச்சுவர் பொதுச் சொத்து. அதில் ஓர் ஆணி அடிப்பதற்கும் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகக் கழகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ‘பக்கத்து வீட்டில் வைத்திருக்கிறார்களே’ என்ற வாதம் எடுபடாது.

தரைவீட்டில் சுதந்திரம் அதிகம், ஆனால் கவனிக்க மூன்று இருக்கின்றன. அண்டை வீட்டுடன் பகிரும் சுவராக இருந்தால், அவரிடம் வாய்ச்சொல்லோடு நிற்காமல் ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். சுவரை உயர்த்தவோ புதிதாகக் கட்டவோ எண்ணினால், அது நகரச் சீரமைப்பு ஆணையத்தின் விதிகளுக்குள்ளும் கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதிகளுக்குள்ளும் வரும். இருக்கிற சுவரில் மாட்டுவதே மேல். மூன்றாவது, பல வரிசை வீடுகளில் பின்கட்டுத் தரைக்கடியில் கழிவுநீர்க் குழாய் ஓடுகிறது. ஆள்நுழைவுக் குழி மூடி தென்பட்டால் அதன்மேலோ அந்தக் கோட்டிலோ கனமான தொட்டி கட்டாதீர்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் இவை எல்லாவற்றுக்கும் முன்பாக வீட்டு உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதலைப் பெற வேண்டும். ஒப்பந்தம் முடியும்போது சுவர்த் துளைகளை அடைப்பது யார் செலவு என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

2. பாரத்தைக் கணக்கிடுங்கள்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 40 லிட்டர் தொட்டி, கருங்கல் முகப்பு, கூழாங்கற்கள் எல்லாம் சேர்ந்தால் நூறு கிலோவைச் சுலபமாகத் தாண்டும். அடுக்குமாடி வீட்டுத் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பாரத்தைக் கருத்தில் கொண்டு வடிவமைக்கப்படுகிறது. அரை சதுர மீட்டரில் நூறு கிலோவைக் குவித்தால் அந்த அளவைக் கடந்துவிடுகிறீர்கள். மாடி வீட்டில் பிசின் (ரெசின்) அல்லது கண்ணாடியிழை முகப்பும் 20 லிட்டருக்கு மேற்படாத தொட்டியும் போதும். கருங்கல்லின் குளிர்ச்சி அதில் வராது என்பது உண்மைதான். கல்தான் வேண்டும் என்று மனம் கேட்டால், தரைவீட்டில் மண்மேல் வைக்கும்போது கேட்கட்டும்.

சுவருக்கும் இதே கணக்கு. உள்தடுப்புச் சுவர்கள் பல, உள்ளே வெற்றிடம் கொண்ட இலகுவான பலகைகள். தட்டிப் பாருங்கள். வெற்றொலி வந்தால் அதில் தொங்கவிடாதீர்கள்.

3. தாள்களை ஒரே முறையில் கொடுங்கள்

என் மாதங்களை விழுங்கியது இந்தப் படிதான். எங்கள் நிர்வாக அலுவலகம் ஒவ்வொரு முறையும் ஒரு தாளைக் கேட்டது. அதைக் கொடுத்த பிறகுதான் அடுத்தது எது என்று சொன்னது. ஒவ்வொரு கேள்விக்கும் இடையே ஒரு வாரம் போனது. அவர்கள் கேட்குமுன்பே கீழ்க்கண்டவற்றை ஒரு கோப்பாகத் தயார் செய்து மின்னஞ்சலில் அனுப்புங்கள்:

நிரப்பிய புதுப்பிப்பு விண்ணப்பம். சுவரின் படமும், நீரூற்று வரும் இடத்தைக் கையால் வரைந்து அளவு குறித்த தாளும். தண்ணீரோடு சேர்த்த மொத்த எடை. துளைகளின் எண்ணிக்கையும் ஆழமும். வேலை செய்யும் நிறுவனத்தின் பதிவு எண்ணும் காப்பீட்டுச் சான்றும். மின்பணியாளரின் உரிம விவரம். கொசு வராமல் எப்படிப் பராமரிப்பீர்கள் என்று ஐந்தாறு வரியில் ஒரு குறிப்பு.

கடைசியாகச் சொன்ன குறிப்பை யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் நிர்வாகத்தின் தயக்கம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. அந்தக் குறிப்பைச் சேர்த்த பிறகுதான் எங்கள் விண்ணப்பம் நகர்ந்தது. பெரும்பாலான இடங்களில் திருப்பித் தரும் வைப்புத்தொகையும் கேட்பார்கள். சில நூறு வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) ஆயிரம் வெள்ளி வரை கேள்விப்பட்டிருக்கிறேன். வேலை முடிந்ததும் ஆள் வந்து பார்த்த பிறகே அது திரும்ப வரும், ஆகவே ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் அனுமதிக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். சீனப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்களில் விண்ணப்பிக்காதீர்கள். எல்லோரும் வீட்டைப் புதுப்பிக்கும் நேரம் அது, பணியாளரும் கிடைக்கமாட்டார்கள்.

4. தண்ணீர் எங்கெங்கே நிற்கும் என்று தேடுங்கள்

நீரூற்றை வாங்குவதற்கு முன், கடையிலேயே குனிந்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது.

டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்கச் சுமார் ஏழு நாள் போதும். 20 காசு நாணயத்தின் அளவு தண்ணீர் கிடைத்தாலே அது முட்டையிட்டுவிடும். ஓடும் தண்ணீரில் கொசு வராது என்று கடையில் சொல்வார்கள். ஓடுகிற இடத்தில் வராது, சரி. தொட்டியின் மூலை, பம்பை மறைக்கும் அறை, கூழாங்கற்களின் இடுக்கு, சிங்கமுகத்தின் பின்பக்கக் குழிவு, தெறிக்கும் நீரைப் பிடிக்க அடியில் வைத்த தட்டு ஆகிய இடங்களில் தண்ணீர் ஓடுவதில்லை. அங்கே வரும்.

ஏடிஸ் தன் முட்டைகளைத் தண்ணீரில் மிதக்கவிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான தொட்டிச் சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அவை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிறகு நீங்கள் தண்ணீர் ஊற்றி மட்டம் உயர்ந்ததும் பொரிக்கும். ஆகவே தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். உள்ளே கை விட்டுத் தேய்க்க முடியாத தொட்டியை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்காதீர்கள். தேர்வுக்கு இந்த ஓர் அளவுகோலே எனக்குப் போதுமானதாக இருந்தது.

தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் வீடு வீடாக வந்து சோதிப்பது உங்களுக்குத் தெரியும். கொசுப்புழு கண்டால் வீட்டுக்காரருக்கு 200 வெள்ளி அபராதம். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் கண்டாலும், மறுபடி கண்டாலும் அது கூடும். அபராதத்தைவிடப் பெரியது, அதே புளோக்கில் ஒரு குழந்தைக்கு டெங்கி வருவது.

வெளியில் வைப்பதானால் நிரம்பி வழியும் துளை கட்டாயம். இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. துளை இல்லாத தொட்டி நிரம்பிப் பால்கனித் தரையில் வழியும், அங்கிருந்து கீழ்வீட்டுக் கூரையில் கறையாக இறங்கும்.

தெளிப்பான், புகைபோல நீர்த்திவலை எழுப்பும் கருவி இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். காற்றில் மிதக்கும் நுண்துளிகள் வழியாக, நிமோனியா காய்ச்சலைத் தரும் லெஜியனெல்லா கிருமி பரவக்கூடும். அதற்காகவே இங்கே குளிர்கோபுரங்களுக்கும் நீரூற்றுகளுக்கும் தனி விதிமுறைகள் இருக்கின்றன. கடையிலோ பொது இடத்திலோ வைக்க எண்ணுகிறவர்கள் வாரியத்திடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

5. பம்பு

பெட்டியில் ‘மணிக்கு 1,000 லிட்டர்’ என்று போட்டிருப்பது தண்ணீரை மேலே ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. உயரம் கூடக்கூட ஓட்டம் குறையும். பெட்டியில் சொல்லும் உச்ச உயரத்தை எட்டும்போது ஒரு சொட்டும் வராது. தொட்டியிலிருந்து கோமுகத்தின் வாய் ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், உச்ச உயரம் இரண்டு மீட்டர் உள்ள பம்பை வாங்குங்கள்.

ஒற்றை வாய் ஊற்றுக்கு மணிக்கு 300 முதல் 600 லிட்டர் போதும். அகலமான உதட்டிலிருந்து கண்ணாடித் தகடுபோல இடைவெளியின்றி விழ வேண்டுமானால் கணக்கே வேறு. ஒவ்வொரு சென்டிமீட்டர் அகலத்துக்கும் மணிக்குச் சுமார் 150 லிட்டர் வேண்டும். 30 சென்டிமீட்டர் உதட்டுக்கு 4,500 லிட்டர். அந்தப் பம்பின் சத்தமும் தெறிப்பும் பால்கனிக்கு ஒத்துவராது. மாடியில் ஒற்றை வாயே நல்லது.

6. மின்சாரம்

வெளிநாட்டு இணையக் கடைகளில் பம்பு மலிவு. ஆனால் வருவது இருமுனைச் செருகி. மூன்று முனைச் செருகியும், தாழ்மின்னழுத்தப் பம்பு என்றால் அதன் மின்மாற்றியும் சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை பெற்றவையாக இருக்க வேண்டும். என் முதல் பம்பை அனுப்பிய விற்பனையாளர், படத்தில் ஒன்றைக் காட்டிப் பெட்டியில் வேறொன்றை வைத்திருந்தார். திருப்பி அனுப்பும் செலவு பம்பின் விலையை எட்டியது. உள்ளூரில் கேட்டுப் பார்த்து வாங்குங்கள். ஜாலான் லெக்கர், சுங்கை தெங்கா பக்கத்து அலங்கார மீன் பண்ணைகளிலும், அக்கம்பக்கத்து மீன்தொட்டிக் கடைகளிலும் நல்ல பம்புகள் கிடைக்கும். ஓடவிட்டுச் சத்தத்தையும் கேட்கலாம்.

முடிந்தால் 12 அல்லது 24 வோல்ட் பம்பையே எடுங்கள். 230 வோல்ட் மின்சாரம் தண்ணீருக்குள் போக வேண்டிய தேவையே இல்லை. பால்கனியில் செருகிமுனை இல்லையென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு மழை புகாத மூடியுள்ள முனை ஒன்றைப் போடுங்கள். நீட்டிப்புக் கம்பி வேண்டவே வேண்டாம். மின்கசிவு துண்டிப்புக் கருவி இப்போது எல்லா வீடுகளிலும் கட்டாயம். 2023 ஜூலை முதல் தேதி நடப்புக்கு வந்த விதி அது, பழைய வீடுகளுக்குத் தந்த ஈராண்டு அவகாசமும் முடிந்துவிட்டது. மின்பெட்டியில் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் உடனே துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படாவிட்டால் நீரூற்றைத் தள்ளி வைத்துவிட்டு மின்பணியாளரை அழையுங்கள்.

செருகிமுனை தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். கம்பி முதலில் கீழே தொங்கிப் பிறகு மேலே ஏறி முனையை அடையும்படி விடுங்கள். கம்பி வழியே வழியும் நீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும்.

7. குழாய் இணைப்பு: பெரும்பாலும் தேவையில்லை

கையால் ஊற்றினால் போதும். தானாக நிரப்பும் இணைப்பு வேண்டுமென்றால் அது குடிநீர்க் குழாயைத் தொடும் வேலை. உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளர்தான் செய்ய வேண்டும், அவர்களின் பட்டியல் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. தொட்டித் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்ப உறிஞ்சப்படாதபடி, குழாய்வாய்க்கும் நீர்மட்டத்துக்கும் இடையே காற்று இடைவெளி இருக்க வேண்டும். இந்தச் செலவும் பொறுப்பும் ஒரு 20 லிட்டர் தொட்டிக்குத் தகாது என்பது என் கருத்து.

8. எவ்வளவு ஆகும்

எனக்கும் மற்ற இருவருக்கும் ஏறத்தாழ இந்த அளவில் வந்தது: பிசின் முகப்பும் தொட்டியும் 200 முதல் 400 வெள்ளி, பம்பு 30 முதல் 60 வெள்ளி, மழைகாப்பு மின்முனை 150 முதல் 250 வெள்ளி, மாட்டும் கூலி 150 முதல் 300 வெள்ளி. கல் என்றால் முகப்பு மட்டுமே ஆயிரம் வெள்ளியைத் தாண்டலாம்.

மாமல்லபுரத்தில் செதுக்கிக் கப்பலில் வரவழைக்க விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 400 வெள்ளிக்குட்பட்ட பொருள்களுக்கான இறக்குமதி வரிச் சலுகை விமானத்திலும் அஞ்சலிலும் வருபவற்றுக்குத்தான். கப்பலில் வருவது எவ்வளவு சிறியதானாலும் பொருளின் விலை, காப்பீடு, சரக்குக் கட்டணம் எல்லாம் சேர்ந்த தொகைக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. அதற்குமேல் துறைமுகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் செலவு. சிற்பி சொல்லும் விலையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஓட்டும் செலவு மிகக் குறைவு. 10 வாட் பம்பு நாள் முழுவதும் ஓடினாலும் மாதம் 7.2 யூனிட், ஏறக்குறைய இரண்டு வெள்ளி. தண்ணீர் 2025 ஏப்ரல் முதல், மாதம் 40 கன மீட்டருக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு, கன மீட்டருக்கு 3.24 வெள்ளி. நாளுக்கு இரண்டு லிட்டர் ஆவியானால் மாதத்துக்குச் சுமார் 20 காசுதான் ஆகும்.

9. மாட்டும் நாள்

வீவக வீடுகளில் துளையிடுதல் போன்ற இரைச்சலான புதுப்பிப்பு வேலைக்கு வாரநாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் நேரம். கூட்டுரிமை வீடுகள் தங்களுக்கென விதி வைத்திருக்கும். ஆகவே விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். தரைவீட்டில் சிமெண்டு பூசும் வேலை இருந்தால் டிசம்பர், ஜனவரி மழையைத் தவிருங்கள்.

வடகிழக்கு மூலையில் வைக்க விரும்புகிறவர்கள், அங்கே மின்முனையும் நீர் வடியும் வழியும் உண்டா என்று முதலில் பாருங்கள். பெரியவர்களோடு இதை மாட்டும் நாளுக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். மாட்டிய பிறகு மூலையை மாற்றினால் சுவரில் துளைகள்தான் மிஞ்சும்.

புதுச் சிமெண்டுத் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கசியும். சில வாரம் தண்ணீர் நிரப்பி, வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்து, பிறகே மீன் விடுங்கள். கப்பி மீன்கள் கொசுப்புழுவைத் தின்னும், நல்ல துணை. ஆனால் இங்குள்ள குழாய்த் தண்ணீரில், கிருமியைக் கொல்லச் சேர்க்கும், மீனுக்கு ஆகாத குளோரமின் இருக்கிறது. வாளியில் பிடித்து ஓர் இரவு வைத்தால் அது போகாது. குளோரமினை நீக்கும் மருந்து என்று பெயர்ச்சீட்டில் எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

10. வாரம் ஒரு நாள், தவறாமல்

ஒரு கிழமையை முடிவு செய்யுங்கள். ஏழு நாளைத் தாண்டக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்து, தண்ணீரை இறைத்து, உட்சுவரையும் விளிம்பையும் தூரிகையால் தேய்த்து, பம்பின் வடிகட்டியில் சேர்ந்த பாசியைக் கழுவி, புதுத் தண்ணீர் விடுங்கள். அரை மணி நேர வேலை. கை எட்டாத இடுக்குகளில் பிடிஐ எனப்படும் கொசுப்புழு மருந்தைச் சீட்டில் உள்ள அளவுப்படி தூவுங்கள். மீனையும் செல்லப்பிராணியையும் அது பாதிக்காது. மீன் இருக்கும் தொட்டியில் தண்ணீர் முழுவதையும் மாற்றாமல் மூன்றில் ஒரு பங்கை மாற்றினாலும், சுவரைத் தேய்ப்பதை விடாதீர்கள்.

இரவு 10 முதல் காலை 8 வரை அக்கம்பக்கத்தில் அமைதி காக்க வேண்டும் என்று 2022இல் பரிந்துரைக்கப்பட்டது. பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கும் நேரங்காட்டி ஒன்றைச் செருகிமுனையில் பொருத்தி அந்த நேரத்தில் பம்பை நிறுத்திவிடுங்கள். உங்களுக்கு இனிமையாகக் கேட்கும் சலசலப்பு, சுவருக்கு அந்தப்பக்கம் படுத்திருப்பவருக்குக் குழாய் ஒழுகும் சத்தமாகக் கேட்கும்.

11. ஊருக்குப் போகும்போது

தீபாவளிக்கோ பள்ளி விடுமுறைக்கோ ஒரு வாரம் வெளியூர் போவதானால், பம்பை ஓடவிட்டுப் போகாதீர்கள். தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் பம்பு காய்ந்து எரிந்துபோகும், அடியில் மிஞ்சும் குட்டை தேங்கி நிற்கும். மீனை நண்பர் வீட்டில் விட்டு, தொட்டியைக் காலி செய்து, தேய்த்து, துணியால் துடைத்து, வெளியில் இருந்தால் மழை விழாதபடி இறுக மூடுங்கள். தொட்டியிலிருந்து கோமுகத்துக்கு ஏறும் குழாயில் நிற்கும் நீரையும் ஊதி வெளியேற்றுங்கள்.

இறைத்த தண்ணீரைத் தெருவோர வடிகாலில் ஊற்றாதீர்கள். சிங்கப்பூரில் மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனி. வடிகால் நீர் பெரும்பாலும் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. மருந்து கலக்காத தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றலாம். குளோரினோ சோப்போ கலந்து கழுவிய நீரைக் குளியலறையில் கொட்டுங்கள்.